மழைநாள் கட்டை விளையாட்டு: பெட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

வெளியே மழை, குழந்தை வீட்டுக்குள். உடனே கட்டைப் பெட்டியை எடுத்துத் தரையில் கவிழ்த்து "போய் விளையாடு" என்று சொல்லிவிடுவோம். கால் மணி நேரம் ஆகியிருக்காது, பாதிக் கட்டைகள் சோபாவுக்கு அடியில் கிடக்கும், குழந்தை "போர் அடிக்குது" என்று உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். இதைப் பார்த்துவிட்டு 'இவனுக்குக் கட்டை விளையாட்டே பிடிக்காது' என்று சொன்ன பல பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சிக்கல் வரிசையில்தான். இடம் தயாராகும் முன் கட்டை வந்துவிடுகிறது, குழந்தை தொடும் முன் யோசனை வந்துவிடுகிறது. கீழே உள்ளதை அதே வரிசையில் செய்து பாருங்கள்.

1. முதலில் கட்டைகளைப் பாருங்கள், வயதைப் பாருங்கள்

மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுசாகப் போகும் எந்தத் துண்டும் அன்றைக்கு வெளியே வரக் கூடாது. சிறு துண்டு தொண்டையில் அடைக்குமா என்று சோதிக்கும் தரக் குழாயின் விட்டமே சுமார் 3.2 செ.மீ.தான். அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் சோதனை கூடுதல் கண்டிப்பாகவே அமையும்.

காந்தக் கட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் குப்பையில் போடுங்கள், ஒட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், குடலில் ஓட்டை விழலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது எந்த வகை என்பது. மரக்கட்டையா, குமிழ் வைத்து மாட்டும் கட்டையா? ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு வகை மட்டும் எடுங்கள். இரண்டையும் கலந்தால் அளவு பொருந்தாது, அடுக்கியது நிற்காது, 'எனக்கு வரலை' என்று குழந்தை விட்டுவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. லெகோ என்பது குமிழ் வைத்து மாட்டும் சிறிய பிளாஸ்டிக் கட்டை, டூப்ளோ அதே நிறுவனம் சின்னக் குழந்தைகளுக்காகச் செய்யும் பெரிய கட்டை. டூப்ளோ கட்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் லெகோவைப் போல இரண்டு மடங்கு, டூப்ளோவின் மேல் லெகோவை மாட்ட முடியும். ஐந்து, ஆறு வயதில் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் கீழ்த்தளத்தை டூப்ளோவிலும் மேல் வேலைப்பாட்டை லெகோவிலும் கட்டலாம். கட்டிடம் சீக்கிரம் உயரும், அதனால் உற்சாகம் குறையாது.

மரக்கட்டை வாங்கியிருந்தால் அளவுகளைச் சரிபாருங்கள். நல்ல செட்டில் கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். அரைக் கட்டை இரண்டைச் சேர்த்தால் ஒரு முழுக் கட்டைக்குச் சரியாக வரும். இந்தக் கணக்கு தவறும் செட்டுகளில் கோபுரம் மூன்றாவது அடுக்கிலேயே சாயத் தொடங்கும், பழி குழந்தையின் கை மேல் விழும்.

2. இடத்தைத் தயார் செய்யுங்கள்

தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மெத்து மெத்தென்ற கம்பளத்தில் மரக்கட்டை நிற்காது. சத்தம் அல்லது குளிர்ச்சிக்காக ஏதாவது விரித்தே ஆக வேண்டும் என்றால் மெல்லிய ரப்பர் விரிப்பு போதும்.

மழைநாளில் தரை ஈரம் கோத்திருக்கும். துடைத்துக் காயவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். ஈரத்தரையில் மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சும், குழந்தையும் வழுக்கி விழும்.

இரண்டு சுவர் சேரும் மூலை ரொம்ப நல்லது. யாரும் குறுக்கே நடக்க மாட்டார்கள். கதவுப் பக்கம் வேண்டவே வேண்டாம், திறந்து மூடும்போது அரை மணி நேர உழைப்பு சரிந்துவிடும். தரையில் ஒட்டுத்தாள் நாடாவால் ஒரு சதுரம் ஒட்டிவிடுங்கள், சுமார் ஒன்றரை மீட்டர் பக்கம் இருந்தால் தாராளம். கட்டைகள் கோட்டுக்குள் இருந்தால் போதும் என்ற ஒரே விதி, கடைசியில் ஒதுங்க வைக்கும் வேலையைப் பாதியாக்கும்.

மேகமூட்டத்தில் வீடு இருட்டாக இருக்கும். மேலே இருக்கும் விளக்கோடு நிறுத்தாமல் ஒரு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். கட்டை நேராக உட்கார்ந்திருக்கிறதா, விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது பக்க வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர் குடிப்பது, கழிவறை, சாப்பாடு எல்லாம் இப்போதே முடியட்டும். நடுவில் எழுந்தால் மீண்டும் கவனம் கூட நேரமாகும்.

3. எத்தனை கட்டை? நினைப்பதைவிடக் குறைவு

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். நிறையக் கொடுத்தால் நிறையக் கற்பனை வரும் என்று நினைக்கிறோம். குவியல் பெரிதாக இருந்தால் குழந்தை தேடிக்கொண்டே இருக்கும், தேடும்போது என்ன கட்ட நினைத்தது என்பதே மறந்துபோகும்.

மூன்று, நான்கு வயதுக்கு 40 கட்டைகள் போதும். ஐந்து வயதுக்கு மேல் 80 வரை போகலாம். குறைவாக இருந்தால் சலித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எட்டுக் குமிழ் வைத்த, ஒரே நிறத்து லெகோ கட்டைகள் வெறும் 6 இருந்தாலே அவற்றை 91 கோடியே 51 லட்சத்துக்கும் அதிகமான வழிகளில் இணைக்கலாம். கணிதம் படித்தவர்கள் உட்கார்ந்து கணக்கிட்ட எண் அது, அதனால் தைரியமாகக் குறையுங்கள்.

கட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், வடிவம் பார்த்துப் பிரியுங்கள். நிறம் பார்த்துப் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும், விளையாட உதவாது. ஒரே நிறக் குவியலில் ஒரு சிறிய துண்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். வடிவம் ஒன்றாக இருந்தால் அதில் சிவப்பு எங்கே என்று கண் உடனே பிடித்துவிடும். நீளமானவை ஒரு தட்டில், சதுரமானவை ஒரு தட்டில், அவ்வளவுதான். விளிம்பு தாழ்ந்த தட்டாக இருக்கட்டும். ஆழமான டப்பா என்றால் குழந்தை திரும்பவும் கவிழ்க்கும்.

வளைவுகள், கூரைத் துண்டுகள், சக்கரங்கள், சன்னல்கள் இவற்றை இப்போது வெளியே எடுக்காமல் ஒரு பையில் போட்டு மறைத்து வையுங்கள். எட்டாவது படியில் தேவைப்படும். சிறிய விலங்கு பொம்மைகள் இரண்டு மட்டும் வெளியே இருக்கட்டும்.

4. முதல் பத்து நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்

பக்கத்தில் உட்காருங்கள். சொல்லிக்கொடுக்காதீர்கள், "என்ன கட்டுற?" என்று கேட்கவும் வேண்டாம். இந்தக் கேள்வி பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் இன்னும் எதுவும் முடிவு செய்யாத குழந்தையை ஒரு பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று நெருக்கும். 'வீடு' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது வீடாகவே இருந்தாக வேண்டியிருக்கும்.

இந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பது வயதையும் பழக்கத்தையும் பொறுத்தது. ஒன்றரை வயதில் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் போடுவதும்தான் விளையாட்டு. பிறகு மேலே மேலே அடுக்கும், அல்லது தரையில் வரிசையாக வைக்கும். அடுத்து இரண்டு கட்டைக்கு மேல் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பாலம் வரும், சுற்றி அடைத்துத் தொழுவம் மாதிரி ஒன்று வரும். இடம் வலம் ஒரே மாதிரி அமைக்கும் ஆர்வம் அதற்கும் பின்னால். கட்டியதற்குப் பெயர் வைத்துக் கதை சொல்லி விளையாடுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

உங்கள் குழந்தை இதில் எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்கத்தான் இந்தப் பத்து நிமிடம். வரிசை மட்டும் வைக்கும் குழந்தையிடம் கோட்டை கட்டச் சொன்னால் அது உங்களுக்காகக் கட்டுவதாகிவிடும். அதிலும் பாதியை நீங்களேதான் கட்டுவீர்கள்.

ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: "நீளக் கட்டை ரெண்டும் அடியில் போயிடுச்சு." பாராட்டு வேண்டாம். ஒவ்வொரு கட்டைக்கும் 'சூப்பர்' சொன்னால் குழந்தை கட்டிடத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கும்.

5. படம் காட்டாதீர்கள், சிக்கல் கொடுங்கள்

கை கொஞ்சம் தயங்கும்போது, அடுக்கியதையே மறுபடி அடுக்கும்போது, ஒரு சிக்கலைக் கொடுக்கலாம். போனில் படம் காட்டி "இது மாதிரி கட்டு" என்றால், வந்தது படத்தைவிட மோசம் என்ற முடிவுக்குத்தான் குழந்தை வரும். சிக்கலுக்கு அப்படி ஒரே விடை கிடையாது. மழைநாள் என்பதால் சிக்கலுக்குப் பஞ்சமே இல்லை, சன்னலைப் பார்த்தாலே போதும்.

மூன்று வயதுக்கு: "இந்தப் பசு நனையக் கூடாது." அவ்வளவுதான் கேள்வி. பொம்மை ஓர் அளவுகோலாகிவிடும். உள்ளே நுழையுமா, தலை இடிக்குமா என்று குழந்தையே வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், நீங்கள் சரி தவறு சொல்ல வேண்டியதில்லை.

நான்கு வயதுக்கு: நீலத் துணி ஒன்றை நீளமாக மடித்துத் தரையில் போட்டு ஆறு என்று சொல்லுங்கள். தண்ணீர் ஏறப்போகிறது, வீடு முழுகக் கூடாது. தூண் மேல் வீடு கட்டத் தோன்றுகிறதா, மேட்டின் மேல் கட்டத் தோன்றுகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். துணியை மெல்ல மெல்ல அகலமாக விரித்தால் வெள்ளம் ஏறும். ஒரே அடியாக விரித்துவிடாதீர்கள், யோசிக்க அவகாசம் வேண்டும்.

ஐந்து வயதுக்கு மேல்: பாலம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். உங்களிடம் உள்ள மிக நீளமான மரக்கட்டை 28 செ.மீ. என்றால், ஆற்றின் அகலத்தை 35 செ.மீ. வையுங்கள். ஒரே கட்டை எட்டாது. எட்டினால் சிக்கலே இல்லை, ஒரு மீட்டர் வைத்தால் அழுகைதான் வரும். இடைவெளி கட்டையைவிடக் கால் பங்கு அதிகமாக இருப்பதுதான் அளவு.

குழந்தை முதலில் இரு கரையிலும் கட்டையை வெளியே நீட்டி வைக்கும், அது ஆற்றுக்குள் கவிழும். மூன்றாவது நான்காவது தடவையில், கரையில் இருக்கும் முனையின் மேல் இன்னொரு கட்டையைப் பாரமாக வைத்தால் கவிழாது என்பது பிடிபடும். இரு பக்கமும் 7 செ.மீ. நீட்டினால் நடுவில் 21 செ.மீ.தான் பாக்கி, 28 செ.மீ. கட்டை அதன் மேல் வசதியாக உட்காரும். இந்த விடையை வாயால் சொல்லிவிடாதீர்கள். ரொம்பத் திணறினால் பாரமான கட்டை ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

ஆறு வயதுக்கு மேல், பிளாஸ்டிக் கட்டை இருந்தால்: ஒழுகாத கூரை. ஒரு பெரிய தட்டுக்குள் வீட்டைக் கட்டச் சொல்லி, உள்ளே டிஷ்யூ தாள் ஒன்றை விரித்து, மேலே தெளிப்பானால் ஐந்தாறு தடவை தண்ணீர் தெளியுங்கள். தாளில் நனைந்த இடத்துக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் ஒழுக்கு. தட்டையான கூரையில் கட்டைகள் சேரும் கோடு வழியாக நீர் இறங்கும். சரிவாக, மேல் வரிசை கீழ் வரிசையின் விளிம்பை மூடும்படி அடுக்கினால் நீர் வழிந்து வெளியே போகும். ஓட்டுக்கூரையின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். மரக்கட்டையில் இதைச் செய்யவே கூடாது, காந்தக் கட்டையிலும் வேண்டாம்.

இதைவிட எளிதாக ஒன்று வேண்டுமா? ஒரு பக்கம் உயர்த்திய பாதை கட்டி, இரு பக்கமும் கரை வைத்து, கோலிக்குண்டை உருட்டி 'வடிகால்' என்று சொல்லலாம். திருப்பத்தில் குண்டு வெளியே பாயும், கரையை எங்கே உயர்த்துவது என்ற வேலை அங்கே ஆரம்பிக்கும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் கோலிக்குண்டு வேண்டாம்.

6. இடிந்து விழும்போது

விழத்தான் செய்யும். உடனே கை நீட்டிச் சரிசெய்யாதீர்கள். "முதல்ல எந்த இடம் ஆடுச்சு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த முறை கவனிக்கும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, இணைப்புக்கு நேர் மேலே இணைப்பு வந்திருக்கும், சுவர் தனித்தனித் தூண்களாகப் பிரிந்து நிற்கும். கொத்தனார் செங்கல் வைப்பது போல ஒவ்வொரு வரிசையையும் பாதிக் கட்டை தள்ளித் தொடங்கினால் சுவர் பிணைந்துகொள்ளும். இரண்டு, அடி குறுகலாக இருக்கும். மூன்று, குமிழ்க் கட்டை முழுசாக அழுந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். சிறு குழந்தைகளுக்கு விரலில் பலம் போதாது, கட்டையை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள்.

மரக்கட்டைக் கோபுரத்துக்குக் குழந்தையின் நெஞ்சு உயரம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் விழும் கட்டை முகத்தில் படும். நாற்காலி மேல் ஏறி அடுக்குவதற்கு எந்தக் காரணத்தாலும் சம்மதிக்காதீர்கள்.

வேண்டுமென்றே இடிப்பதும் விளையாட்டுதான், தடுக்க வேண்டியதில்லை. 'தான் கட்டியதை மட்டும்தான் இடிக்கலாம்' என்பது போதுமான சட்டம்.

7. இரண்டு பேர் இருந்தால்

ஒரே கட்டிடத்தைச் சேர்ந்து கட்டச் சொல்லாதீர்கள். சண்டை உறுதி. ஆளுக்கு ஓர் இடம், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு சாலை. சாலை நீளும்போது தானாகப் பேச்சு தொடங்கும், "உன் கடைக்கு என் லாரி வருது" என்று. சேர்ந்து விளையாடுவது அப்படித்தான் ஆரம்பிக்கும்.

எல்லோரும் கேட்கும் நீளக் கட்டைகளை எண்ணி ஆளுக்குப் பாதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மற்றவை நடுவில் இருக்கட்டும். தம்பி தங்கை தவழும் வயது என்றால் மூத்த குழந்தைக்கு மேசை, சின்னதுக்குத் தரை. "பாவம், அவன் சின்னப் பிள்ளை, விட்டுக்கொடு" என்று ஒரு மணி நேர வேலையை இடிக்க விடுவது நியாயமே இல்லை.

8. சலிப்பு தட்டும்போது

குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கும்போது, கட்டியதைக் கலைக்கும் முன், மறைத்து வைத்த பையை எடுங்கள். வளைவும் சன்னலும் இப்போது வந்தால், ஏற்கெனவே நிற்கும் கட்டிடத்தில் எங்கே பொருத்தலாம் என்று யோசனை ஓடும். ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் சக்கரம் மாட்டி உருட்டுவதோடு விளையாட்டு முடிந்திருக்கும்.

அதுவும் ஓய்ந்தால் விளக்கை அணைத்து டார்ச் கொடுங்கள். மழை மேகத்தால் பகலிலேயே இதற்கு வேண்டிய இருட்டு கிடைத்துவிடும். கட்டிடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அளவு இடம் விட்டு, டார்ச்சை அருகே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், தள்ளினால் சிறிதாகும். சன்னல் ஓட்டை வைத்தவர்களுக்கு நிழலில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து இன்னும் நாலு சன்னல் வைப்பார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, கட்டியதை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லலாம். கட்டும் முன் வரையச் சொல்வது இந்த வயதில் வேலைக்காகாது. வரைந்ததைக் கட்டைகள் கேட்காது.

9. முடிப்பதும் எடுத்து வைப்பதும்

முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். திடீரென்று "சரி, எடுத்து வை" என்றால் அழுகை. ஒரு கட்டிடத்தை மட்டும் நாளைக்கு விட்டுவைக்கலாம் என்று சொன்னால் மற்றதை எடுக்கச் சம்மதிப்பார்கள். எதை வைப்பது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெரிய கட்டைகளை முதலில் எடுங்கள், இடம் சட்டென்று காலியாகித் தெரியும், மிச்சத்தை எடுக்க மனசு வரும்.

தண்ணீர் தெளித்த பிளாஸ்டிக் கட்டைகளைக் கவிழ்த்து வைத்து, அடிக்குழியில் நீர் தங்காமல் காற்றில் காயவிடுங்கள். கழுவ வேண்டும் என்றால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரும் மெல்லிய சோப்பும் போதும். கொதிநீர், வாஷிங் மெஷின், தலைமுடி உலர்த்தி எதுவும் வேண்டாம், சூட்டில் வடிவம் மாறினால் அப்புறம் மாட்டாது.

மரக்கட்டைகளைப் பிழிந்த துணியால் துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி வைத்துக் காயவிட்டுத்தான் மூட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாள்கூட ஆகலாம். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வாடை வரும், கட்டை உப்பும், அடுத்த முறை எதுவும் நேராக நிற்காது.

பிரிக்க வராமல் ஒட்டிக்கொண்ட குமிழ்க் கட்டைகள் கடைசியில் எப்போதும் நாலைந்து மிஞ்சும். குழந்தைகள் அதைப் பல்லில் வைத்துத்தான் இழுப்பார்கள், அதற்கு முன் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். செட்டோடு வந்த பிரிப்பான் இருந்தால் அதை மாட்டி நெம்புங்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்ட மெல்லிய தட்டைக் கட்டைகள் இரண்டுக்கும் மேலே ஒரு நீளக் கட்டையையும் கீழே ஒரு நீளக் கட்டையையும் மாட்டி, இரண்டையும் எதிரெதிராக நெம்பினால் கழன்றுவிடும்.